நாளைக்கு வெள்ளம் வராதாம்!

நான் திருவனந்தபுரத்துக்கு வந்தது 2011 ஜூனில். கரமனையில் ஒரு மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது. சாமான் இறக்கிய மூணாவது நாள் சாயங்காலம், கீழ் வீட்டுப் பெரியவர் மூச்சிரைக்கப் படியேறி வந்து ரொம்ப அக்கறையாக ஒரு விஷயம் சொன்னார். "நாளெ வெள்ளம் வரில்ல, கேட்டோ." வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் ஆறு. நானும் தங்கமணியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்பாடா, வெள்ளம் வராதாம். புது ஊர், மழையைப் பார்த்துப் பயந்திருப்போம்னு தைரியம் சொல்ல வந்திருக்கார் பாரு, என்ன ஒரு மனுஷன்! காபி போட்டுக் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நம்ம ஊர் வெள்ளத்துக்கு அவர்கள் சொல்வது வெள்ளப்பொக்கம். இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றிடமும் இந்த ஜோக்குக்குச் சொந்தமாக ஒரு பதிப்பு இருக்கும். நாங்களும் பதிமூணு வருஷம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். 2024 செப்டம்பரில் அந்தச் சிரிப்பு நின்றது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், நடுவில் கொசுவத்தியும் சுற்றும். ஆணி குறைவாக இருக்கிற நேரம் பார்த்துப் படியுங்கள்.

செப்டம்பர் 5, வியாழக்கிழமை. திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டைப் பாதை ஆக்குகிறார்கள் இல்லையா, அதற்காகப் பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றும் வேலை. (நாம் ஊருக்குச் சீக்கிரம் போய்ச் சேரத்தான் இந்த ஏற்பாடு என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.) முதலில் சொன்னது இரண்டு நாள் கணக்கு. வேலை இழுத்துக்கொண்டே போனது. மாநகராட்சியில் 44 வார்டுகளுக்குத் தண்ணீர் இல்லை. ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இது. 9ஆம் தேதி திங்கட்கிழமை நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், பல்கலைக்கழகத் தேர்வுகளைத் தள்ளி வைத்தார்கள். மழைக்கு லீவு விடும் ஊரில் தண்ணீர் இல்லை என்று லீவு.

இப்போது நாங்கள் இருப்பது அதே கரமனையில் மூணு மாடி ஃபிளாட். பன்னிரண்டு வீடு. கீழே சம்ப், மேலே டேங்க். போர்வெல் மோட்டார் எரிந்து போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, சங்கத்தில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். வியாழக்கிழமை யாரும் கவலைப்படவில்லை. எல்லாரும் வழக்கம்போல் குளித்தோம். இரண்டாவது மாடிக்காரர் கார் கழுவினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சம்ப் காலி. அப்போதுதான் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்தோம்.

ஊரிலிருந்து வந்த பொன்னி அரிசி 25 கிலோ. புளி மூணு கிலோ. துவரம் பருப்பு, உளுந்து, கடலைப் பருப்பு. அம்மா போட்ட கூழ்வடகம் ஒரு டின், மோர்மிளகாய் ஒரு டின். சாம்பார்பொடி தனியாக, ரசப்பொடி தனியாக. மூணு ஜாடி ஊறுகாய். இரண்டு நாட்டுச் சண்டை ஆறு மாசம் நடந்தாலும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வராது என்று தங்கமணி பெருமையாகச் சொல்வாள். தண்ணீர்? பாதி கேன், இரண்டு வாளி. அவ்வளவுதான். உலை வைக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் 25 கிலோ அரிசி!

கழிப்பறையில் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணினால் ஆறிலிருந்து பத்து லிட்டர் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டில் நாலு பேர். அம்மாவுக்கு வயது 71. சனிக்கிழமை காலையில் கிள்ளிப்பாலத்தில் ஆரம்பித்துத் தம்பானூர் வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். இருபது லிட்டர் கேன் எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு லிட்டர் பாட்டில் ஒரு பெட்டி கிடைத்தது. ஹோட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் அதே கதைதானே, பாதிக் கடை மூடியிருந்தது. தெருமுனைக்கு டேங்கர் வந்தபோது நான் அந்தப் பாட்டில் பெட்டிக்காக வரிசையில் நின்றிருந்தேன். அம்மா கீழே இறங்கிப் போய் இரண்டு குடம் பிடித்து, படிக்கட்டில் பாதி சிந்தி, மீதியை மேலே கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு சேச்சி. அவர் வீட்டு வாசலில் நான் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டேன் என்று முன்பு ஒரு தடவை பெரிய வாக்குவாதம். அதற்கப்புறம் தலையசைப்போடு சரி. அவர் சனிக்கிழமை சாயங்காலம் மதில் மேல் எட்டிப் பார்த்துத் தங்கமணியைக் கூப்பிட்டார். "மோளே, கிணற்றில் வெள்ளம் உண்டல்லோ, கோரிக்கோ." அம்மாவுக்கு வந்ததே சந்தோஷம்! முட்டிவலிக்காரி, கப்பியைப் பார்த்ததும் கயிற்றைப் பிடித்துவிட்டாள். நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க நாலு வாளி இறைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். திங்கட்கிழமை வரைக்கும் அந்தக் கிணறுதான். எங்கள் ஃபிளாட்டில் ஏழு வீடு அதில் இறைத்தோம். கார் கழுவியவர் உட்பட.

நான் சொல்ல வருவது இதுதான். அவசரத்துக்குச் சேர்த்து வைப்பது என்றால் நமக்கெல்லாம் உடனே ஞாபகம் வருவது அரிசி. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் ஒரு படி கூட. ஊருக்குப் போனால் மூட்டை கட்டாமல் வருவதில்லை. ஆனால் நான் பார்த்த அளவில் அரிசி கடைசியாகத்தான் தீர்கிறது. முதலில் தீர்வது தண்ணீர். அப்புறம் ஃபோன் சார்ஜ், மருந்து, சில்லறை நோட்டு. எதைச் சேர்த்து வைக்க அலுப்பாக இருக்கிறதோ அதுதான் முதலில் காலியாகிறது.

இதை நான் 2018லேயே கற்றிருக்க வேண்டும். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அந்த வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நான் இங்கே கழக்கூட்டத்தில், ஏசி அறையில். ஃபோன் போகவில்லை. இரண்டு நாள் கழித்து பஸ் மாறி பஸ் மாறி, கடைசி ஆறு கிலோமீட்டர் ஒரு பையனின் பைக்கில் தொற்றிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களுக்குள் புகுந்து வீடு போய்ச் சேர்ந்தேன். என்ன இருக்குமோ ஏது இருக்குமோ என்று போனால் அப்பாவும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாயத்தில் நெல் இருந்தது. தேங்காய்க்குக் கேட்கவே வேண்டாம், தோப்பு முழுக்கத் தரையில் கிடந்தது. தண்ணீர்தான் இல்லை. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன, மோட்டார் ஓடாது. ஊரில் போர்வெல் எத்தனையோ, அத்தனையும் கரண்ட்டை நம்பி. கிணற்றையெல்லாம் தூர்த்து இருபது வருஷம் ஆகிறது. பிறகு வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து ஒவ்வொரு வீடாக டேங்க் நிரப்பிக் கொடுத்தார்கள், மணிக்கு இவ்வளவு என்று காசு. அதுவரை தெருவுக்கே சோறு போட்டது கோயில் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு பழைய அடிபம்பு. எப்போதோ பிடுங்கிப் போட்டிருக்க வேண்டியது, யாருக்கும் நேரம் கிடைக்காததால் தப்பித்தது.

அப்பாவுக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் செத்துப் போயிருந்தது. அம்மா அந்தக் குப்பிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு சின்ன மண்சட்டிக்குள் வைத்து, அதைப் பெரிய மண்பானைக்குள் ஈரமணல் போட்டு இறக்கியிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "வெத்தலை வாடாம வெக்கிறதில்லையா, அது மாதிரிதான்" என்றாள். பிறகு டாக்டரிடம் கேட்டபோது அது சரியான முறைதான் என்றார். உபயோகத்தில் இருக்கும் குப்பி அதிக வெயில் படாமல் இருந்தால் ஏறக்குறைய நாலு வாரம் வெளியிலேயே தாங்கும், திறக்காத குப்பிகளுக்குத்தான் குளிர்ச்சி முக்கியம் என்று விளக்கினார். வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா போய் மூணு வருஷம் ஆகிறது. அந்த மண்சட்டி இங்கே எங்கள் பால்கனியில் இருக்கிறது.

அந்த வருஷம் ஆகஸ்டில் கேரளத்தின் பெருவெள்ளம். (இது நம்ம அர்த்தத்தில் வெள்ளம்.) திருவனந்தபுரம் பெரும்பாலும் தப்பித்தது. அதனால் இங்கிருந்துதான் மற்ற மாவட்டங்களுக்குச் சாமான் போனது. அப்போது கலெக்டராக இருந்தவர் வாசுகி, நம்ம தமிழ்நாட்டுக்காரர். தன்னார்வலர்கள் நடுவில் நின்று அவர் மலையாளத்தில் பேசிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் இரண்டு நாள் ஒரு சேகரிப்பு மையத்தில் பெட்டி கட்டினேன். வந்து குவிந்ததில் பெரும்பங்கு அரிசியும் பழைய துணியும். முகாம்களிலிருந்து கேட்டு வந்த பட்டியலில் இருந்தது குடிநீர், சானிட்டரி நாப்கின், புது உள்ளாடை, குழந்தைகளுக்கு டயபர், காய்ச்சல் மருந்து, பாய், பிளீச்சிங் பவுடர். கொடுக்கிறவன் மனசில் இருக்கும் பட்டியலும், தவிக்கிறவன் கையில் இருக்கும் பட்டியலும் வேறு வேறு என்று அன்றைக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, வீட்டில் நான் ஒரு டிரம் கூட வாங்கி வைக்கவில்லை. நம்ம வீட்டுக்கெல்லாம் வராது என்ற எண்ணம்தான்.

இதற்கு நேர் எதிர்த் தவறையும் செய்திருக்கிறேன். 2020 மார்ச் 23, கேரளம் ஊரடங்கு அறிவித்த நாள். நாடு முழுக்க அறிவித்தது அதற்கு மறுநாள் இரவு. எங்கள் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுமுள்ளு. துவரம் பருப்பு அலமாரியில் நாலே நாலு பாக்கெட். நாலையும் எடுத்துக் கூடையில் போட்டேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிலோ இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டு வங்காளப் பையன்கள், கட்டட வேலைக்காரர்கள். இங்கே மரியாதையாக அதிதி தொழிலாளி என்று சொல்வார்கள். அவர்கள் காலி அலமாரியைப் பார்த்தார்கள், என் கூடையைப் பார்த்தார்கள், நகர்ந்து போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி மறந்திருப்பேன். தினக்கூலிக்காரன் அன்றைக்குக் கிடைக்கிற காசில் அன்றைக்கு வாங்குகிறவன். மாசச் சம்பளக்காரன் ஒரே நாளில் ஒரு மாசத்துக்கு வாங்கினால் அந்த அலமாரியில் குறைவது அவன் பங்குதான். அந்தப் பருப்பில் இரண்டு பாக்கெட் ஜூலையில் வண்டு விழுந்து குப்பைக்குப் போனது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஜூலையில்தான் இந்த ஊருக்கு டிரிபிள் லாக்டவுன் வந்தது. ஜூலை 5 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறிவிப்பு, திங்கள் காலை ஆறு மணிக்கு நகரம் பூட்டு. ஒரே ஒரு ராத்திரி. அன்றைக்கு ராத்திரி கடைக்கு ஓடாதவர்கள் யார் என்று பார்த்தால், ஏற்கெனவே பத்து நாளைக்கு வைத்திருந்தவர்கள். அவர்கள் ஓடாததால் மற்றவர்களுக்கு வரிசை கொஞ்சம் சின்னதாக இருந்தது. சேர்த்து வைப்பது சுயநலமா என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். எனக்குத் தோன்றுவது, அது நாளைப் பொறுத்தது. சாதாரண மாசத்தில் ஒரு கிலோ வாங்கும் இடத்தில் ஒன்றே கால் கிலோ வாங்கினால் கடைக்காரர் அடுத்த லோடில் கூடுதலாகச் சொல்லிவிடுவார், யாருக்கும் நஷ்டமில்லை. செய்தி வந்த அன்றைக்கு வாங்குகிற ஒவ்வொரு கிலோவும் இன்னொருத்தர் வீட்டு உலையிலிருந்து எடுப்பது.

இந்த நண்பர் வேறொரு கட்சியும் பேசினார். பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு எல்லாம் வருகிறது, எதற்கு அடைத்து வைக்க வேண்டும் என்று. நல்ல கேள்விதான். அதற்கு என் பதில் பர்மா அரிசி. திருவிதாங்கூர் ஒரு காலத்தில் பர்மாவிலிருந்து வரும் அரிசியைச் சாப்பிட்டது. கப்பல் வரும், அரிசி வரும், யாரும் யோசிக்கவில்லை. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, கப்பல் நின்றது, இங்கே பஞ்சம். ரேஷன் வந்தது. எத்தனையோ வீடுகளில் உயிரைப் பிடித்து வைத்தது கப்பைக் கிழங்கு, அதாவது நம்ம மரவள்ளி. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா சும்மா கிடந்த நிலங்களில் அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்திருந்தார். பஞ்சம் வருவதற்கு அறுபது வருஷம் முன்னாலேயே செய்த சேமிப்பு. நான் தினமும் ஆபீஸ் போகிற வழியில் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1963ல் ஆரம்பித்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கிழங்குக்கு மனசுக்குள் ஒரு வணக்கம். இன்றைக்கும் சாலைக் கம்போளத்துக்குப் பாதிக் காய்கறி நம்ம பக்கத்திலிருந்து களியக்காவிளை தாண்டித்தான் வருகிறது. பத்து நிமிஷ டெலிவரிப் பையன் எடுத்துக்கொண்டு வருவதும் அந்த லாரியில் வந்ததைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டித் தயாராவது கைவந்த கலை. நான் வந்த புதிதில் ஹர்த்தால் என்றால் எங்கள் தெருவில் ஒரு ஒத்திகையே நடக்கும். முந்தின நாள் சாயங்காலம் கோழிக்கடையில் ஒரு வரிசை, இன்னொரு கடையில் அதைவிட நீளமான வரிசை. (எந்தக் கடை என்று கேரளத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஹி ஹி.) ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தக் கூத்து குறைந்துவிட்டது. ஆற்றுகால் பொங்காலைக்குப் பாருங்கள், லட்சக்கணக்கான பெண்கள் அடுப்புக்கல், பானை, விறகு எல்லாவற்றோடும் வந்து உட்கார்கிறார்கள், தெருவில் வீட்டுக்கு வீடு குடிக்கத் தண்ணீர் எடுத்து வைக்கிறார்கள். தேதி தெரிந்த விஷயத்துக்கு எல்லாரும் ரெடி. தேதி தெரியாததற்குத்தான் ஆள் இல்லை.

சரி, இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. பால்கனியில் மூடி போட்ட நூறு லிட்டர் டிரம் இரண்டு. பேரிடர் முகாம்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்று ஒரு சர்வதேசக் கணக்கு உண்டு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. நாலு பேருக்கு அறுபது. இரண்டு டிரம்மில் மூணு நாள் ஓடும். மாசத்தின் முதல் ஞாயிறு அந்தத் தண்ணீரைச் செடிக்கும் தரை துடைக்கவும் தீர்த்துவிட்டு, டிரம்மைத் தேய்த்து மறுபடி நிரப்புவது என் வேலை. கொசு வராமல் மூடியை இறுக்க வேண்டும், அதை விட்டால் டெங்கு. குடிக்க மட்டும் தனியாக இரண்டு கேன். இங்கே ஒரு நல்ல பழக்கம், சுக்கோ பதிமுகமோ போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத்தான் வீடுகளில் குடிப்பார்கள். நாங்களும் மாறிவிட்டோம். கிணற்றுத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, எது வந்தாலும் பயமில்லை.

சாப்பாட்டில் அரிசியைக் குறைத்து, அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியதைக் கூட்டியிருக்கிறோம். அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சம்பழம், சத்துமாவு, வெல்லம். புதுசு பின்னால், பழசு முன்னால் என்று அலமாரியில் ஒரே சட்டம். அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று, ஏனென்றால் இண்டக்‌ஷன் அடுப்பு கரண்ட் போனால் வெறும் கண்ணாடிப் பலகை. அம்மாவின் பிரஷர் மாத்திரை எப்போதும் ஒரு மாசம் கூடுதலாக. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக மூவாயிரம். டவர் விழுந்தால் கியூஆர் கோடைக் காட்டி ஒரு வாழைப்பழம் கூட வாங்க முடியாது.

கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மழைக்காலத்தில் எமர்ஜென்சி கிட் என்று ஒரு பட்டியல் வெளியிடும். அதில் டார்ச், ரேடியோ, விசில், முதலுதவிப் பொருள்கள், முக்கியமான காகிதங்கள் நனையாத உறையில் என்றெல்லாம் இருக்கும். விசில் எதற்கு என்று என் பெண் கேட்டாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டினாலும் விசில் கேட்கும் என்றேன். அன்றைக்கு முழுக்க ஊதித் தள்ளிவிட்டாள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியலில் இரண்டு சேர்க்க வேண்டும். ஒன்று, வீட்டில் ஒருவராவது மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொள்வது. எச்சரிக்கை முதலில் வருவது அந்த எழுத்தில். தங்கமணி கற்றுக்கொண்டாள், நான் இன்னும் பஸ் போர்டு லெவல். இன்னொன்று, பக்கத்து வீட்டு நம்பரும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077ம் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில். ஃபோன் செத்தால் நமக்கு யார் நம்பரும் ஞாபகம் இல்லை, சொந்த மனைவி நம்பர் உட்பட.

இதெல்லாம் நம்ம ஊர் பஞ்சப்பாட்டு என்று நினைக்கிற அயல்நாட்டு மக்களுக்கு: 2024 நவம்பரில் ஸ்வீடன் அரசாங்கம், நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்று ஒரு கையேட்டை ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு அனுப்பியது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு வீடும் 72 மணி நேரம் தானாகத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஸ்டாக்ஹோமில் இருக்கிற என் கல்லூரி நண்பனிடம் வீட்டில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "பொன்னி அரிசி நாப்பது கிலோடா" என்றான். தண்ணீர் என்றேன். கொஞ்ச நேரம் பதிலில்லை.

ஆனால் இந்த டிரம், அவல் எல்லாம் மூணு நாளைக்குத்தான். நாலாவது நாள் என்ன என்பதுதான் என்னை அரிக்கிறது. எங்கள் ஃபிளாட் கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு பழைய வீடு இருந்தது, அதற்கு ஒரு கிணறும். கட்டியவர்கள் அதைத் தூர்க்கவில்லை, மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். இன்றைக்கு அதன் மேல் இரண்டு கார் நிற்கிறது. கீழே தண்ணீர் இருக்கிறது, பக்கத்துக் கிணற்றில் இருக்கிறதே. ஏழு குடும்பம் பக்கத்து வீட்டில் வாளியோடு நின்றபோது எங்கள் கிணற்றின் மேல்தான் கார்கள் நின்றன.

திறந்து, தூர் வாரி, வலை போட்டு, ஒரு கைபம்பும் வைத்தால் போதும். கரண்ட் இல்லாத நாளுக்கும் ஆகும். மொட்டைமாடித் தண்ணீரையும் அதிலேயே விடலாம். இந்த ஊரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை. எங்கள் மாடி இரண்டாயிரம் சதுர அடிக்குக் குறையாது. கணக்குப் போட்டால் மூணு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது, அத்தனையும் இப்போது சாக்கடைக்கு. திருச்சூரில் மழப்பொலிமா என்ற பெயரில் 2008லிருந்து இதைத்தான் செய்கிறார்கள், கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடுவது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

சங்கத்தில் சொன்னேன். இரண்டு பார்க்கிங் போகும் என்றார்கள். குழந்தைகள் விழுந்துவிடும் என்றார்கள், வலையைப் பற்றி நான் சொன்னது காதில் விழவில்லை. அதெல்லாம் எப்போதோ ஒரு தடவை நடந்தது என்றார் ஒருவர். கடைசியில் செயலாளர் ரொம்பப் பணிவாக, "சார் வாடகைக்கு இருப்பவர் அல்லவா, ஓட்டு ஓனருக்குத்தான்" என்றார். சட்டப்படி சரிதான். பதிமூணு வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்திருக்கிறேன், அந்தத் தண்ணீரைப் பற்றிக் கை தூக்க எனக்கு உரிமை இல்லை. போன தடவை அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஓனர் துபாயில் இருக்கிறார். அவரும் பிழைக்கப் போனவர்தான். போன வாரம் ஃபோன் செய்து கிணற்றுக் கதையைச் சொன்னேன். அவர் சின்ன வயதில் நெடுமங்காட்டுப் பக்கம் தறவாட்டுக் கிணற்றில் குதித்துக் குளித்ததை அரை மணி நேரம் பேசினார். என் சார்பில் நீங்களே ஓட்டுப் போடுங்கள் என்று கையெழுத்திட்ட கடிதத்தை நேற்று அனுப்பியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். சேச்சியும் வந்து பேசுகிறேன் என்றிருக்கிறார், அவர் எங்கள் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. அன்றைக்கு என் காரைச் சரியாக நிறுத்த வேண்டும்.